யாழ்ப்பாணத்து வீட்டில் பொட்காஸ்ட்: டைனமிக் ஒலிவாங்கியுடன் நீண்டகால அனுபவம்

பொட்காஸ்ட் தொடங்க விரும்புவோர் முதலில் கேட்பது, எந்த ஒலிவாங்கி நல்லது என்பதையே. யாழ்ப்பாணத்தில் இருந்து பதிவு செய்பவர் அதற்கு முன்னரே தமது அறையைக் கவனிக்க வேண்டும். சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் குரலை எதிரொலிக்கின்றன. திறந்த யன்னல் வழியே காகங்களின் கரைச்சலும், பாண் விற்கும் ஓட்டோவின் இசையும், நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் ஒலிபெருக்கிச் சத்தமும் உள்ளே வருகின்றன. யன்னலைச் சாத்தினாலோ மின்விசிறி இல்லாமல் இருக்க முடியாது.

இதனாலேயே நான், நுண்ணிய ஒலிகளை அவ்வளவாகப் பிடிக்காத டைனமிக் வகையைச் சேர்ந்த சாம்சன் கியூ2யூ ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுத்தேன். கொண்டென்சர் ஒலிவாங்கிகள் நுண்ணிய ஒலிகளையும் தெளிவாகப் பிடிப்பவை. ஒலித்தடுப்புச் செய்த கலையகத்தில் அது பெரும் சிறப்பு; நமது அறைகளில் அதே நுண்ணுணர்வு அடுத்த வீட்டுத் தண்ணீர்ப் பம்பியையும் பதிவுக்குள் கொண்டுவந்துவிடும். சட்டையில் குத்தும் சிறிய ஒலிவாங்கிகளிற் பெரும்பாலானவை எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலியை ஏற்பதால், அவையும் இத்தகைய அறைக்குப் பொருந்துவதில்லை. கியூ2யூ முன்பக்க ஒலியையே முதன்மையாக வாங்குகிறது. அதன் பின்பக்கத்தை யன்னலுக்கு நேராகத் திருப்பி வைத்தாலே தெருச் சத்தம் கணிசமாகக் குறைகிறது.

ஆனால் டைனமிக் ஒலிவாங்கி அருகிலிருந்து பேசுபவருக்கே பயன் தரும். திறந்த வெளியில் வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுகிறது. தொலைவிலிருந்து வரும் சத்தமோ அதே அளவிலேயே இருக்கிறது. நான் நாலைந்து விரற்கடைத் தூரத்தில், பகர ஒலிகளின் காற்று நேரே மோதாதபடி ஒலிவாங்கியைச் சற்றுச் சாய்த்து வைத்துப் பேசுகிறேன். விலை கூடிய கருவி எதுவும் எனக்கு இந்த நெருக்கம் தந்த அளவு தெளிவைத் தந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆகவே, பணம் மட்டாக இருப்பவர்கள் ஒலிவாங்கியின் விலையைக் குறைத்தாவது, மேசையில் திருகிப் பூட்டும் நல்லதொரு தாங்கியை வாங்குவது நல்லது. கருவியுடன் வரும் சிறிய முக்காலி மேசையின் அதிர்வை அப்படியே கடத்துவதோடு, பேசுபவரைக் குனியவும் வைக்கிறது. குனிந்து பேசும் குரலில் மூச்சு நிறைந்து நிற்காது.

அறையைச் சீராக்க எதுவும் வாங்கத் தேவையில்லை. எனக்குப் பின்னால் துணிகள் நிறைந்த அலுமாரியின் கதவுகளைத் திறந்து விடுவேன்; தரையில் பாயும், எதிர்ச்சுவரில் தடித்த போர்வையும் இருக்கும். சுவரில் ஒட்டும் மெல்லிய பஞ்சுத் துண்டுகள் உயர்ந்த அதிர்வெண்களை மட்டுமே உறிஞ்சுவதால், அவற்றுக்குச் செலவிடுவது வீண் என்பதே என் கருத்து.

மடிக்கணினியை மின்னேற்றியில் இணைத்தபடி பதிவு செய்யும்போது சில வேளைகளில் ஒரு மெல்லிய இரைச்சல் சேர்கிறது. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், அந்த அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் எழும் ஒலி இது. மின்னேற்றியைக் கழற்றி மின்கலத்தில் ஓடவிட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும். இத்தகைய குறைகளை உடனே அறிய, காதை முழுவதும் மூடும் கம்பியுள்ள ஹெட்போன் கட்டாயம் வேண்டும். புளூடூத் ஹெட்போனில் சொந்தக் குரல் பிந்திக் கேட்பதால் பேச்சே தடுமாறும்.

தொகுப்புக்கு இலவச மென்பொருளான ஓடாசிற்றி போதும். ஒற்றைத் தடத்தில் 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட் அளவில் ஒரு மணி நேரப் பதிவு சுமார் 318 மெகாபைட் இடம் பிடிக்கும், விநாடிக்கு 64 கிலோபிட் அளவிலான எம்.பி.3 ஆக மாற்றினால் 29 மெகாபைட் அளவுக்குச் சுருங்கும். கைத்தொலைபேசி டேட்டாவில் கேட்பவர்களை நினைத்து நான் இதற்கு மேல் செல்வதில்லை.

விருந்தினர் ஒருவரை அருகில் இருத்திப் பேசும் நிலை வந்தபோதுதான் இந்த ஒலிவாங்கியின் முழுப் பெறுமதி தெரிந்தது. ஓடாசிற்றி ஒரே நேரத்தில் ஒரு கருவியிலிருந்து மட்டுமே பதிவு செய்யும். ஆகவே இரண்டு யூ.எஸ்.பி. ஒலிவாங்கிகளைச் செருகிச் சமாளிக்க முடியாது. கியூ2யூவில் யூ.எஸ்.பி.யோடு எக்ஸ்.எல்.ஆர். எனும் ஒலிக்கருவிகளுக்கான மூன்று முனை இணைப்பும் இருப்பதால், இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஓடியோ இன்டர்பேஸ் (ஒலிவாங்கிகளைக் கணினியுடன் இணைக்கும் கருவி) ஒன்றை மட்டும் வாங்கி, பழைய ஒலிவாங்கியையும் புதியதொன்றையும் தனித்தனித் தடங்களில் பதிவு செய்யத் தொடங்கினேன். தொடக்கத்திலேயே இன்டர்பேஸ் வாங்க வேண்டியதில்லை. ஆனால் வாங்கும் முதல் ஒலிவாங்கியில் இந்த இரு இணைப்புகளும் உள்ளனவா என்று பார்த்து வாங்குங்கள்.