சிட்னி, 1788–91: ஆளுநரின் வழியும் டாஸின் வழியும்

ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பழங்குடியினரை அறிய, அங்கே புதிதாகக் குடியேறிய ஆங்கிலேயர் இரண்டு வழிகளில் முயன்றனர். ஆளுநர் ஆர்தர் பிலிப் ஆட்களைக் கடத்தினார். 1788 டிசம்பர் இறுதியில் மேன்லி கடற்கரையில் பிடிபட்ட அரபானூ என்ற பழங்குடியினரின் கையில் விலங்கு மாட்டினர். 1789 மே மாதம் பெரியம்மை அவரைக் கொன்றது. அந்த நவம்பரில் கோல்பி, பென்னலாங் என்ற இருவரைப் பிடித்தனர். கோல்பி விரைவிலேயே தப்பினார், பென்னலாங் 1790 மேயில். ‘நம் வாழ்க்கையைப் பார்த்தாலே இணங்கிவிடுவார்கள்’ என்ற ஆங்கிலேயரின் மேட்டிமை நினைப்புதான் இதைக் கெடுத்தது.

லெப்டினன்ட் வில்லியம் டாஸோ தன் வானாய்வுக் குடிலுக்கு வந்துபோன படியெகரங் என்ற இளம்பெண்ணிடம் பேசிப் பேசி அவர்கள் மொழியைக் கற்றார். தனிச்சொற்களோடு நிற்காமல் முழு உரையாடல்களையும் எழுதினார். அதனால் அவர் ஏட்டில் மறுதரப்பின் குரல் இருக்கிறது: வெள்ளையர் இங்கே குடியேறியதால் கோபம், துப்பாக்கிகளால் அச்சம். இந்த வழியே மேல், ஐயமில்லை. ஆனாலும் அவரும் படை அதிகாரி. 1790 டிசம்பரில் பழங்குடியினரைத் தண்டிக்கப் புறப்பட்ட படையில் சேர முதலில் மறுத்தார், பிறகு போனார். போனதற்கு வருந்துவதாக வெளிப்படையாகவே சொன்னார்.