நாள்பட்ட விரை வலி: ஒரு சிறுநீரகவியல் மருத்துவமனையின் பரிசோதனை குறித்து

எட்டு மாதங்களாக இடது விரையில் தொடங்கி, விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி வரை பரவி, நெடுநேரம் உட்கார்ந்தால் கூடிவிடும் மந்தமான வலியுடன் இந்த மருத்துவமனைக்குச் சென்றேன். முன்பு பார்த்த இடத்தில், அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள்; ஆனாலும் சிறுநீரில் கிருமி உண்டா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பாமலேயே மூன்று முறை ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள்.

இங்கே முன்பதிவுக்காகத் தொலைபேசியில் அழைத்தபோதே, வலி திடீரென்று கடுமையாக வந்ததா என்று கேட்டார்கள். விரை முறுக்கிக்கொண்டிருந்தால் ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்தால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம் என்பதால், அப்படிப்பட்டவர்களை முன்பதிவுக்குக் காத்திருக்க விடாமல் நேரே அவசரப் பிரிவுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

மருத்துவர் பழைய ஸ்கேனைப் பார்த்து முடித்ததும் ஒரு படிவத்தைக் கொடுத்தார். வலி எங்கே, சிறுநீர் கழிக்கும்போதா, விந்து வெளியேறிய பின்னா, அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்பன போன்ற கேள்விகளுக்கு 0 முதல் 43 வரை மதிப்பெண் உண்டு; மதிப்பெண் கூடக்கூடத் தொல்லை அதிகம் என்று பொருள். எனக்கு 24 வந்தது. பிறகு நிற்கவைத்து, இருமச் சொல்லி, குடலிறக்கமும், விரைப்பையில் இரத்தக்குழாய்ப் புடைப்பும் உண்டா என்று பார்த்தார். ஆசனவாய் வழியான பரிசோதனையை நான் அஞ்சியது உண்மை. ஆனால் விடை அதில்தான் இருந்தது: சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியை அழுத்தியபோது வலிக்கவில்லை, பக்கவாட்டில், இடுப்புக்குழியின் அடியைத் தாங்கும் இடுப்புத்தளத் தசையை அழுத்தியதும் எட்டு மாதமாக நான் அறிந்த அதே வலி எழுந்தது. புராஸ்டேட்டை நீவிவிடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த சிறுநீர் மாதிரிகள் இரண்டிலும் கிருமி இல்லை.

நாள்பட்ட இடுப்புக்குழி வலி என்று பெயர் சொன்ன மருத்துவர், இதை உறுதிசெய்யத் தனியொரு சோதனை கிடையாது, மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கியே இந்த முடிவுக்கு வர முடியும் என்பதையும் மறைக்கவில்லை. ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டுப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். இடுப்புத்தளத் தசையை இறுக்கும் பயிற்சிகளை நானாகவே செய்துவந்திருந்தேன். ஏற்கெனவே இறுகிய தசைக்கு அவை கேடாகலாம் என்றும், தளர்த்தப் பழக வேண்டும் என்றும் அங்கே விளக்கினார்கள்.

குறைகளும் உண்டு. பிசியோதெரபிக்கு மூன்று வாரம் காத்திருக்க நேர்ந்தது. வரவேற்பு மேசையில் இருந்தவர், கூடத்தில் பத்துப் பேர் அமர்ந்திருக்க, "எந்த இடத்தில் வலி?" என்று உரக்கக் கேட்டார், கூச்சத்தாலேயே மாதக்கணக்கில் வைத்தியத்தைத் தள்ளிப்போடுபவர்கள் வரும் இடத்தில் இது சிறிய தவறன்று. மூன்று மாதம் கழித்து அதே படிவத்தில் என் மதிப்பெண் 15. வலி முற்றிலும் போய்விடவில்லை. ஆயினும் பிசியோதெரபியைத் தொடர அங்கேயே சென்றுவருகிறேன்.