மைனஸ் 15-லும் மாஞ்சோலை மழையிலும் ஒரே கேமரா

மார்கழியில் கல்யாணம் கிடையாது. பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடுக்கிற எனக்கு அந்த ஒரு மாதம்தான் ஓய்வு. 2021, 2022, 2024 என மூன்று மார்கழியும் லடாக் போய்வந்தேன். மூன்று தடவையும் அதே மிரர்லெஸ் கேமரா, அதே 24-70 ஜூம், கையால் ஃபோகஸ் வைக்கிற அதே 35 எம்.எம். மேனுவல் லென்ஸ். ஊரில் மண்டபத்து வெக்கையில் ஓடுகிற செட்தான்.

கேமரா புத்தகத்தில் 0 முதல் 40 டிகிரி வரை என்று போட்டிருக்கிறது. லடாக்கின் லே நகரில் விடியற்காலை என் தெர்மாமீட்டர் மைனஸ் 15 காட்டியது. திரையில் படம் கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். ரெக்கார்டிங் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

பேட்டரிதான் பாடாய்ப் படுத்தும். ஊரில் 2 மணி நேரம் வருவது அங்கே 50 நிமிடத்தில் காலி. ஆனால் காலி என்று கழற்றியதை பனியனுக்குள் அரை மணி நேரம் வைத்திருந்து திரும்பப் போட்டால், 40 சதவீதம் காட்டும். குளிரில் உள்ளே வேதிவினை மந்தமாகிறதே தவிர, சார்ஜ் எங்கும் போய்விடுவதில்லை. அதனால் எப்போதும் இரண்டு பேட்டரி உடம்போடு ஒட்டி இருக்கும். உறைகிற குளிரில் மட்டும் சார்ஜ் போட்டுவிடாதீர்கள். பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுவிடும். தூத்துக்குடியில் விமானம் ஏறும்போது உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. கை சூடேற்றும் பாக்கெட்டையும் அதிகம் நம்ப வேண்டாம். அதிலிருக்கும் இரும்புத்தூள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் சூடாகிறது. காற்று மெலிந்த 3,500 மீட்டர் உயரத்தில் அந்தச் சூடு குறைவு.

எனக்கு நிஜமாகவே வலித்தது டிரைபாட் விஷயத்தில். நிம்முவில் சிந்து நதியும் சன்ஸ்கார் நதியும் சேருகிற இடத்தில், பனிக்கட்டி மிதந்து வருவதைக் கேமராவை மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பி ஒரு ஷாட் எடுக்க நின்றேன். டிரைபாடின் மேல் கேமராவைத் தாங்கித் திருப்புகிற ஃப்ளூயிட் ஹெட்டுக்குள் இருக்கும் எண்ணெய் குளிரில் கெட்டியாகிவிட்டது. தள்ளினால் நகராது, நகர்ந்தால் வெடுக்கென்று போகும். ஏழு டேக் எடுத்தும் ஒன்றுகூடத் தேறவில்லை. மேனுவல் லென்ஸின் ஃபோகஸ் வளையமும் அப்படித்தான் இறுகியது. வெகுதூரக் காட்சிக்கென்று லென்ஸில் போட்டிருக்கும் இன்ஃபினிட்டி கோடும் குளிரில் கொஞ்சம் தள்ளிப்போகிறது. கோட்டை நம்பாமல், திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் வைத்தேன்.

முதல் வருடம் செய்த பெரிய தப்பு, தங்கிய வீட்டில் அடுப்பு எரிகிற அறைக்குள் கேமராவை அப்படியே எடுத்துப்போனது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பன்னீர் சோடா பாட்டில் மாதிரி முழுக்க வேர்த்துவிட்டது. வியூஃபைண்டருக்குள் படிந்த ஈரம் காய ராத்திரி ஆனது. மறுநாளிலிருந்து வெளியே குளிரிலேயே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுகக் கட்டிவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவேன். வேர்ப்பதெல்லாம் பைக்கு வெளியே வேர்க்கும். இரண்டு மணி நேரம் கழித்துப் பிரிக்கலாம். அவசரமாகக் கார்டு வேண்டுமென்றால் வெளியிலேயே கழற்றிக்கொள்வேன்.

இதே கதைதான் நம்மூரில் ஏசி காரிலிருந்து இறங்கி மண்டபத்துக்குள் நுழையும்போதும் நடக்கிறது. முகூர்த்தத்துக்கு அரை மணி முன்பே கேமராவை வெளியே எடுத்து வைத்துவிடுகிறேன்.

லடாக்கில் மூன்று மார்கழி தாங்கிய அந்த 35 எம்.எம். லென்ஸை உண்மையில் கெடுத்தது நம்மூர் மாஞ்சோலை மலை. ஐப்பசி மழையில் இரண்டு நாள் எடுத்துவிட்டு, ஈரப் பையோடு ஒரு வாரம் அலமாரியில் வைத்துவிட்டேன். பின்பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளை நூல்போல ஃபங்கஸ் கிளைவிட்டிருந்தது. திருநெல்வேலி ஜங்ஷனில் லென்ஸ் கழுவுகிற அண்ணாச்சி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "குளிரு ஒண்ணும் செய்யாதுடே, இந்த ஈரந்தான் கண்ணாடியத் தின்னும்" என்றார். சுத்தம் செய்தும் மங்கலாக ஒரு தடம் மிச்சம். தெருவிளக்கை நேராக எடுத்தால் தெரிகிறது. இப்போது லென்ஸ்கள் எல்லாம் காற்றுப்புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு.

வருகிற மார்கழிக்கு டிரைபாட் ஹெட் மட்டும் மாற்றுகிறேன், கடுங்குளிருக்கென்றே எண்ணெய் போட்டதாக. கேமராவும் ஜூமும் இதேதான்.