ஹேவ்லாக்கா, நீல் தீவா? திதி பார்த்து முடிவெடுங்கள்

டிசம்பர், ஜனவரியில் அந்தமானுக்கு விமான டிக்கெட் போட்டவர்கள் எல்லோரும் வந்து நிற்கும் இடம் இதுதான். கையில் இருப்பது மூன்று, நான்கு இரவுகள். அவற்றை ஹேவ்லாக்கில் வைப்பதா, நீல் தீவில் வைப்பதா? 2018 டிசம்பரில் இவை சுவராஜ் தீவு, ஷஹீத் தீவு என்று பெயர் மாறின. போர்ட் பிளேரும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பேச்சில் இன்னமும் பழைய பெயர்கள்தான் ஓடுகின்றன, இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

கடற்கரையில் கிடந்து ஓய்வெடுக்கத்தான் போகிறோம், ஊர் சுற்ற அல்ல என்றால் என் வாக்கு நீலுக்கு. ஆனால் தேதியை நிலவைப் பார்த்துக் குறிக்க வேண்டும். அதைச் செய்ய முடியாதவர்கள் ஹேவ்லாக்கையே தேர்ந்தெடுக்கலாம்.

தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். ஹேவ்லாக் பெரிய தீவு. விடுதிகள், உணவகங்கள், ஸ்கூபா (காற்று உருளையோடு கடலுக்கடியில் நீந்துவது) பயிற்சிக் கூடங்கள் எல்லாம் அங்கே அதிகம். ராதாநகர் கடற்கரை அங்கே இருக்கிறது. நீல் சுமார் 14 சதுர கிலோமீட்டர்தான், சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். நெல்லும் காய்கறியும் விளையும் கிராமங்களுக்கு நடுவே கடற்கரைகள். பெயர்கள் எல்லாம் ராமாயணத்திலிருந்து: பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர், ராம்நகர். ஏழு, எட்டு மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடும்.

இனி முக்கியமான விஷயம். விடுதிப் படங்களில் தெரியும் நீலத் தண்ணீர், நாளில் பாதி நேரம் அந்த இடத்தில் இருக்காது. அந்தமானில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 2 மீட்டர். கரை செங்குத்தாக இருந்தால் அது பெரிதாகத் தெரியாது. நீலிலும் ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையிலும் பவளப்பாறைத் தட்டு கிட்டத்தட்ட சமதளமாகக் கடலுக்குள் நீள்வதால், 2 மீட்டர் இறங்கினாலே தண்ணீர் வெகுதூரம் விலகிப்போய்விடும். மிஞ்சுவது முழங்கால் அளவு குட்டையும், காலைக் கிழிக்கும் செத்த பவளமும்தான். அதில் யாரும் நீந்த முடியாது.

இந்த நேரத்தைச் சொல்ல நம் வீட்டு தினசரி காலண்டர் போதும். அமாவாசை, பௌர்ணமி அன்று இந்தத் தீவுகளில் நீர் நிறைவது காலை ஒன்பதரை, பத்து மணி வாக்கில். வற்றுவது பிற்பகல் மூன்றரை, நான்கு வாக்கில். அடுத்தடுத்த நாளில் இது சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், முந்தைய நாட்களில் அதே அளவு முன்னால் வரும். ஒரு மணி நேரம் முன்பின் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, போகும் வாரத்தில் போர்ட் பிளேர் ஓத அட்டவணையை (கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலை) பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஆகவே நீலுக்கு உகந்த நாட்கள் திரயோதசி தொடங்கி பௌர்ணமிக்கு (அல்லது அமாவாசைக்கு) மறுநாள் வரை. அந்த நாட்களில் பொழுது தானாகவே ஒழுங்காக அமைந்துவிடும். காலை எட்டிலிருந்து பதினொன்று வரை பரத்பூரில் நீர் நிறைந்து நிற்கும். படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கரை, ஆழம் குறைவு, குழந்தைகளும் பெரியவர்களும் இடுப்பளவு தண்ணீரில் பயமில்லாமல் நிற்கலாம். சாப்பிட்டு ஒரு தூக்கம். நீர் வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில், பாறையே வளைவாக நிற்கும் இயற்கைப் பாலத்துக்குக் கிளம்புங்கள். ஏற்ற நேரத்தில் அங்கே நடக்க வழியே இருக்காது. வற்றத்தில் பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் கடல் அட்டை அசையாமல் கிடக்கும். பாறையில் பதிந்திருக்கும் பெரிய சிப்பியின் வாய் ஓரம் நீலமும் பச்சையுமாகத் தெரியும். அதன் மேல் உங்கள் நிழல் விழுந்தால் சட்டென்று மூடிக்கொள்ளும். ரப்பர் அடி உள்ள, பின்பட்டை இருக்கும் செருப்பு கட்டாயம். வெறுங்காலோடு போனால் பாசியில் வழுக்கும், கடல் முள்ளெலியின் முள் குத்தினால் உள்ளேயே முறிந்து நிற்கும். நான்கேகாலுக்குள் திரும்பி முதல் லட்சுமண்பூர் கரைக்கு வந்துவிடுங்கள். இந்திய நேரக் கணக்குக்கு அடிப்படையான தீர்க்கரேகையிலிருந்து இந்தத் தீவுகள் 10 டிகிரி கிழக்கே இருப்பதால், டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

தவிர்க்க வேண்டியது தசமி, ஏகாதசி வாக்கு. விடியலிலும் இருட்டும் வேளையிலும் நீர் நிறையும், நடுப்பகலில் நீர் இறங்கிக் கிடக்கும். பஞ்சமி, சஷ்டியில் நீர் நிறைவது உச்சி வெயிலில். அஷ்டமியில் பிற்பகல் மூன்றரை, நான்கு மணிக்கு ஏறும், குளிக்க வசதிதான். ஆனால் அன்று ஏற்றமும் வற்றமும் அரைகுறை, பாலத்தடியில் பாறைகள் முழுதாக வெளிவராது.

ஹேவ்லாக்கில் இதே வற்றம் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே விடுதிகளில் பெரும்பாலானவை கிழக்குக் கரையில், மூன்றாம் எண், ஐந்தாம் எண் கடற்கரைகளில் இருக்கின்றன. ‘கடலைப் பார்த்த அறை’ என்று கூடுதல் காசு கொடுத்து எடுப்பவர்களுக்குப் பௌர்ணமி வாரத்துப் பிற்பகலில் எதிரே சேறும் கல்லும் பாறையும்தான் தெரியும். ராதாநகர் மேற்குக் கரையில் இருக்கிறது. மணல் சரிவு நன்றாக இறங்குவதால் எந்த ஓதத்திலும் குளிக்கலாம், குளிர்கால வடகிழக்குக் காற்றுக்கும் அது மறைவான பக்கம். அந்தமானில் அதற்கு இணையான குளிக்கும் கரையை நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது படகுத்துறையிலிருந்து 11, 12 கிலோமீட்டர். தினமும் ஆட்டோவோ ஸ்கூட்டரோ வேண்டும், இருட்டும் முன் கரையை விட்டு ஏறவும் வேண்டும். அறையிலிருந்து துண்டோடு நடந்து போய்க் குளித்துவிட்டு வரும் சுகம் அங்கே ராதாநகரை ஒட்டியே அறை எடுப்பவர்களுக்குத்தான். அத்தகைய விடுதிகள் குறைவு, விலையும் கூட. கரையின் ஓரத்தில் காயல் கலக்கும் பக்கம் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதை மதியுங்கள். 2010இல் அந்தப் பகுதியில் ஒரு பயணியை உவர்நீர் முதலை கொன்றது.

விடுமுறை நாளை மாற்ற முடியாமல் அது ஏகாதசியில் போய் விழுகிறதா? ஹேவ்லாக். ஸ்கூபாதான் முதல் நோக்கமா? அதுவும் ஹேவ்லாக். அலுவலக வேலையைக் கையோடு கொண்டுபோகிறவர்களுக்கும் ஹேவ்லாக்தான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து வந்த கடலடிக் கேபிள் இணைத்த தீவுகளின் பட்டியலில் ஹேவ்லாக் உண்டு, நீல் இல்லை.

மழை விஷயத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. டிசம்பர் முதல் பாதியில் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் கப்பல்கள் நின்றுவிடும். 2016 டிசம்பரில், பின்னர் வர்தா புயலாக மாறிய அந்தத் தாழ்வு மண்டலத்தால் ஹேவ்லாக்கிலும் நீலிலும் சிக்கிய பயணிகளைக் கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்துவர வேண்டியிருந்தது. பொங்கலுக்குப் பிறகு, ஜனவரி பின்பாதியில் வானமும் தெளிந்திருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும்.

கப்பலை இப்படிப் பிடியுங்கள். தனியார் விரைவுக் கப்பலில் போர்ட் பிளேரிலிருந்து இரண்டு தீவுகளுக்குமே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், சில சேவைகளில் இன்னும் கூடும். விமான டிக்கெட் உறுதியான அன்றே கப்பலையும் பதிவு செய்யுங்கள். கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது. குமட்டல் வருபவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், கப்பல் ஆடத் தொடங்கிய பின் போட்டுப் பயனில்லை. பணத்தைப் போர்ட் பிளேரிலேயே எடுத்துவிடுங்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரில் இருப்பது நல்லது. காற்றால் ஒரு சேவை ரத்தானாலும் மறுநாள் காலைக் கப்பலுக்கு நேரம் இருக்கும்.

மணல் ஈக்கு விடியலிலும் அந்தியிலும் முழங்காலுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் தடவுங்கள், கடித்த இடத்தைச் சொறியாதீர்கள். கரையில் கிடக்கும் பவளத் துண்டையோ சங்கையோ பையில் போடாதீர்கள், விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள். வனவிலங்குச் சட்டத்தில் அது குற்றம்.