காலாவதியான கறுப்பு வெள்ளை ரோல்: வேலூர் வெயிலுக்கு 125ஆ, 400ஆ?

பழைய ஸ்டுடியோக்கள் கடையைக் காலி செய்யும்போது தேதி முடிந்த 35 எம்எம் ரோல்கள் வெளியே வரும். பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று எஃப்பி4 போன்ற 125 ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு ஃபிலிம் மசியும் வேகம்; எண் கூடினால் வேகமும் கூடும்). இன்னொன்று எச்பி5, டிரை-எக்ஸ் போன்ற 400. இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் 125 பக்கம் வந்துவிட்டேன். காசு வாங்கிக்கொண்டு எடுக்கும் கல்யாண வேலைக்கு இரண்டுமே வேண்டாம், புது ரோல்தான்.

400 பார்க்க லாபமாகத் தெரியும். தேதி தாண்டினால் வேகம் குறையும், குறைந்தாலும் கைவசம் மிச்சம் இருக்குமே என்ற கணக்கு. அந்தக் கணக்கைக் கெடுப்பது ஃபாக், அதாவது ஃபிலிம் முழுக்கப் படரும் கறுப்பு மூட்டம். வெளிச்சமே படாவிட்டாலும், வருஷக்கணக்கில் சூட்டிலும் இயற்கையான கதிர்வீச்சிலும் கிடந்தால் வெள்ளி உப்புத் துகள்கள் தானாகக் கறுக்கத் தயாராகிவிடும். வெளிச்சத்துக்குச் சட்டென்று மசிகிற வேகமான ஃபிலிம் இதற்கும் முதலில் மசியும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில், மாடி அறைப் பீரோவில் கிடந்த 400 எப்படி இருக்கும்?

நெகட்டிவில் நிழல் பகுதிதான் ஆக மெலிசு. ஃபாக் முதலில் விழுங்குவது அதைத்தான். அதை மீட்க 400 ரோலைக் கேமராவில் 100 என்றோ 50 என்றோ வைத்துக் கூடுதல் வெளிச்சம் கொடுக்க வேண்டும். அப்புறம் என்ன மிச்சம்? 400இன் பருமனான கிரெய்ன் (படத்தில் தெரியும் பொடிப்புள்ளி), 100இன் வேகம். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில், நிழலில் நிற்கும் யாளித் தூணை எடுக்கத்தானே 400 வாங்கினோம்? அந்தக் காரணமே போய்விட்டது.

125க்கு இந்த நஷ்டம் குறைவு. 64 வைத்தால் பெரும்பாலும் போதும். ரொம்பப் பழசு என்று 32க்கு இறக்கினாலும் நம் ஊர் வெயிலில் லென்ஸ் துவாரம் எஃப் 8, ஷட்டர் 125இல் ஒரு பங்கு வினாடி கிடைக்கும். கோட்டை மதிலையும் அகழியையும் ஸ்டாண்டு இல்லாமல் கையிலேயே எடுக்கலாம். கருங்கல்லின் உளித்தடம்கூட நுணுக்கமாக விழும். பாலாற்று மணல், ஆற்காடு டெல்லி கேட் எல்லாம் இந்த ரோலுக்கென்றே வெயிலில் நிற்கின்றன.

வாங்கும்போது தேதியைவிட, எங்கே இருந்தது என்பதுதான் பெரிது. “அண்ணே, ஃபிரிட்ஜ்ல வெச்சிருந்தீங்களா?” என்று கேட்டால் “இல்ல தம்பி, ஷோகேஸ்லதான் கெடந்துச்சு” என்று உண்மையைச் சொல்லிவிடுவார்கள். ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ரோல் கிடைத்தாலும் இதே கேள்விதான். குளிரில் செய்ததாக இருக்கலாம், கிடந்தது இங்கேதானே.

சந்தேகம் இருந்தால் இருட்டில் லீடரை (ரோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை) தாண்டி ஒரு துண்டு வெட்டி, வெளிச்சம் காட்டாமல் டெவலப் செய்து, ஃபிக்ஸ் செய்து, காயவைத்துச் செய்தித்தாள் மேல் வையுங்கள். பொடி எழுத்து படிக்க முடிந்தால் ரோல் தேறும். தலைப்பு மட்டும்தான் தெரிகிறது என்றால் முக்கியமான எதற்கும் அதைப் போடாதீர்கள்.

டெவலப் செய்வதிலும் சூடுதான் எதிரி. டி-76 டெவலப்பருக்கு 20 டிகிரி என்று போட்டிருக்கும். இங்கே கோடையில் குழாயைத் திறந்தாலே வெந்நீர். டேங்கைச் சுற்றி ஐஸ் போட்ட தண்ணீர் வைத்தே ஆக வேண்டும், சூடு ஏறினால் ஃபாக்கும் ஏறும். எச்சி-110 என்ற டெவலப்பர் ஃபாக்கைக் கொஞ்சம் அடக்கும். பொட்டாசியம் புரோமைடு சேர்ப்பவர்களும் உண்டு. அது ஃபாக்கோடு வேகத்தையும் குறைக்கும் என்பதால் 400காரருக்கு இன்னொரு அடி.

வாங்கிய நாள் முதல் ஃபிரிட்ஜிலேயே இருந்த 400 என்றால் நான் மறுக்க மாட்டேன். காட்பாடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பொழுது சாயும் நேரத்துக்கு அதுதான் சரி. 120 ரோலில் (பின்னால் காகிதம் சுற்றிய அகல ஃபிலிம்) என் கை அவ்வளவு பழகவில்லை. பின்காகிதத்தின் எண்கள் ஈரத்தில் படத்திலேயே பதிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் பழைய 120 எதையும் யோசித்தே வாங்குகிறேன்.

வாங்குவதானால் ஒரே பேட்ச் எண் உள்ளதாக நாலைந்து சேர்த்து வாங்குங்கள். ஒரு ரோலை 125, 64, 32 என்று மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்து, எது தேறுகிறதோ அதையே மற்றவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாம்.