சின்னப் பெட்டிக்குள் ஒளித்து விற்றார்கள்: மினி கேமிங் கணினி வாங்குபவர்கள் கவனத்துக்கு

சென்னை ரிச்சி தெருவில் கேமிங் கணினி அசெம்பிள் செய்து வாங்கப் போகிறவர்கள், அதிலும் சிறிய கேபினெட்டில் கேட்பவர்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்தது ரூ.1,20,000. இரண்டு வருடச் சேமிப்பு.

நான் தங்கியிருப்பது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறை. கட்டிலும் சின்ன மேசையும் போட்டால் நடக்க இடமில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தம்பி விளையாடுவதற்காகக் கணினியை நெல்லை எக்ஸ்பிரஸில் கொண்டுபோகவும் வேண்டும். அதனால் தோள்பைக்குள் அடங்கும் 11 லிட்டர் கேபினெட்டைத் தேர்ந்தெடுத்தேன். 170 மி.மீ. சதுரமான மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு ஒரு பக்கம் இருக்கும். கிராபிக்ஸ் கார்டு அதன் முதுகுப்புறம் இருக்கும். இரண்டையும் இணைப்பது ரைசர் கேபிள் என்ற பட்டைக் கேபிள்.

கடைக்காரர் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பினார். ரைசன் 5 7600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் கோல்டு தர (மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான தரம்) எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய அளவு பவர் சப்ளை, பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 (மதர்போர்டுக்கும் கார்டுக்கும் இடையிலான இணைப்பின் வேகத் தலைமுறை) ரைசர் என்று எல்லாம் தெளிவாகவே எழுதியிருந்தார். "பக்கத்தில் நின்று பார்க்கிறேன் அண்ணா" என்று கேட்டேன். "நான்கு மணி நேர வேலை தம்பி, சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அங்கே நான் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது.

சனிக்கிழமை கிடைத்தது, மூடித் திருகாணி முடுக்கிய பெட்டி. பாகங்களின் அட்டைப்பெட்டிகளைக் கேட்டேன். குப்பைக்குப் போய்விட்டன என்றார்கள். பில்லில் ஒரே வரி: 'கம்ப்யூட்டர் செட் – 1'. எந்தப் பாகத்துக்கும் சீரியல் எண் இல்லை.

முதல் வாரம் ஓடியது. பிறகு விளையாட்டைத் தொடங்கிய சில நிமிடங்களில் திரை கறுத்துவிடும்; மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "விண்டோஸ் கோளாறு" என்று சொல்லி, என்னைக் கேட்காமலே எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினார்கள். அதற்கு ரூ.500 வாங்கினார்கள். அறைக்கு வந்த அன்று இரவே திரை மறுபடி கறுத்தது.

அலுவலக நண்பர் ஒருவர் இந்த வேலையில் பழக்கம் உள்ளவர். அவர்தான் பெட்டியைத் திறந்தார். கிராபிக்ஸ் கார்டை ரைசர் இல்லாமல் நேராக மதர்போர்டில் செருகி மேசை மேல் வைத்து ஓட்டினார். இரண்டு மணி நேரம் ஒரு தடங்கலும் இல்லை. ரைசரைப் போட்டதும் திரை கறுத்தது. மதர்போர்டின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய் இணைப்பின் வேகத்தை 3.0 என்று குறைத்ததும் திரை கறுப்பது நின்றுவிட்டது. 4.0 என்று விற்ற கேபிள் அந்த வேகத்தைத் தாங்கவில்லை. அதன் மேல் எந்தத் தரக்குறியீடும் அச்சிடப்படவில்லை.

"3.0-வில் ஓட்டினால் என்ன குறைந்துபோகும்?" என்று கடையில் பிறகு கேட்டார்கள். தரவு போகும் தடங்கள் (லேன்) பதினாறில் ஓடும் பெரிய கார்டுகளுக்குப் பெரிய நட்டம் இல்லாமல் இருக்கலாம். ஆர்டிஎக்ஸ் 4060 எட்டுத் தடங்களில் மட்டுமே இயங்குவது; 3.0-வுக்கு இறக்கினால் நொடிக்குச் சுமார் 16 ஜிபி போகும் பாதை 8 ஜிபியாகச் சுருங்கிவிடும். கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பும் விளையாட்டுகளில் இது கண்ணுக்கே தெரியும்.

அடுத்து பவர் சப்ளை. கோல்டு தரம் இல்லை, அதற்குக் கீழான வெண்கலத் (ப்ரான்ஸ்) தரம். 650 இல்லை, 450 வாட். விசிறி இறக்கைகளில் இரண்டு வாரத்தில் படிய முடியாத அளவு தூசி; பக்கவாட்டில் வேறொரு கடையின் கிழிந்த வாரன்டி ஸ்டிக்கர். பழைய பொருளைப் புதிதென்று என் தலையில் கட்டிவிட்டார்கள். இந்தக் கணினிக்கு 450 வாட் போதும் என்பது உண்மைதான். அந்தக் கார்டு 115 வாட்தான் எடுக்கும். ஆனால் கழற்ற முடியாத கேபிள்களை எல்லாம் சுருட்டி சிபியு கூலருக்கு முன்னால் திணித்திருந்தார்கள். காற்று புக வழியில்லை. பிராசசர் அதன் உச்சவரம்பான 95 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெரிய கேபினெட்டில் இப்படித் திணித்தாலும் தப்பிக்கலாம். 11 லிட்டரில் விரல் அளவு இடைவெளிதான் மூச்சு.

திரும்பக் கொடுக்கப் போனபோது பில்லின் அடியைக் காட்டினார்கள்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.' இந்த வரியைப் பார்த்து யாரும் பின்வாங்காதீர்கள். பில்லில் காலக்கெடு எதுவும் குறிப்பிடாதபோது, குறைபாடுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் கொடுக்க மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நான் போனது பத்தொன்பதாவது நாள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிந்தேன். கடை அசையவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன், ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. என் கையில் இருக்கும் வலுவான ஆதாரம் அந்த வாட்ஸ்அப் பட்டியல். அதனால் விலையை வாய்மொழியாகப் பேசி முடிக்காதீர்கள்.

அதே தெருவில் பெட்டியை உங்கள் கண்முன் உடைத்து, சீரியல் எண்ணைப் பில்லில் எழுதித் தருகிற கடைகள் இருக்கின்றன. புதிய ரைசரை நான் வாங்கியது அப்படி ஒரு கடையில்தான். சீரியல் எண் இல்லாத பில்லை வைத்துக்கொண்டு நாளை வாரன்டி கேட்க முடியாது. வாங்கியதும் கடையிலேயே கிராபிக்ஸ் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து, பஸ் இன்டர்ஃபேஸ் பகுதியின் பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓட்டுங்கள். கார்டுக்கு வேலை கொடுத்தால்தான் உண்மையான வேகம் தெரியும். 4.0 என்று காட்டினால் மட்டும் போதாது, அரை மணி நேரம் ஒரு விளையாட்டையும் ஓட்டிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பழைய ரைசரையும் அந்தப் பவர் சப்ளையையும் தூசியைத் துடைக்காமல் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். ஆணையம் அழைக்கும் நாளில் இரண்டையும் மேசை மேல் வைப்பேன்.