டோல் கட்டி ஆல்ப்ஸ் ஏறுவது: சில கோடைகளுக்குப் பிறகு

கோவை நண்பர் ஒருவர் ஜூலையில் மியூனிக் வருகிறார். இங்கே பைக் வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் ஆல்ப்ஸ் சுற்றுவதாகத் திட்டம். கட்டணப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஃபோனில் கேட்டார்: "ஏங்க, டூவீலருக்கு எதுக்குங்க டோல்?"

நியாயமான கேள்விதான். நம் ஊர் தேசிய நெடுஞ்சாலைகளில் டூவீலருக்குச் சுங்கம் கிடையாது. சாவடி வந்தால் ஓரத்தில் இருக்கும் ஒடுக்கமான வழியில் புகுந்து, வரிசையில் நிற்கும் கார்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். அந்தச் சுகம் பழகியவனுக்கு, மலை ஏறுவதற்கு 30 யூரோவுக்கு மேல் கேட்டால் வலிக்கத்தான் செய்யும். அவருக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் சில வருடங்களாக இந்தச் சாலைகளில் ஓட்டியதை வைத்துக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். என்னுடையது பழைய சுசூகி வி-ஸ்ட்ராம் 650, இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி. பைக்கைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோருக்கும் தெரிந்த வண்டி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆஸ்திரியாவில் மோட்டார்வே ஓட்ட விக்னெட், அதாவது குறிப்பிட்ட காலத்துக்குச் செல்லும் கட்டணச் சீட்டு, வாங்க வேண்டும். பைக்குக்குத் தனி விலை, காரைவிட நன்றாகவே குறைவு. நம்பர் பிளேட்டை இணையத்தில் பதிந்து டிஜிட்டலாகவே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த விக்னெட் மலைச்சாலைகளில் செல்லாது. குரோஸ்கிளாக்னர், டிம்மல்ஸ்யோக், சில்வ்ரெட்டா, நோக்கால்ம், கெர்லோஸ் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். விலை அதிகம் குரோஸ்கிளாக்னருக்குத்தான். காருக்கு 40 யூரோவைத் தாண்டியாயிற்று, பைக்குக்கு 30-ஐத் தாண்டியாயிற்று. சக்கரத்தில் பாதி இருக்கிறது, கட்டணத்தில் பாதி இல்லை. இதைச் சொல்லிப் புலம்பாத பைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

எனக்கு உண்மையில் பணம் பெரிய பிரச்சினை இல்லை. ஒரு நாள் பெட்ரோல், சாப்பாட்டுக் கணக்கில் அதுவும் சேர்ந்துவிடும். எத்தனை வருடமானாலும் எனக்குப் பழகாதது சாவடியில் நின்று பணம் கட்டும் அந்த ஒரு நிமிடம்தான்.

கார்க்காரருக்கு என்ன, கண்ணாடியை இறக்கினால் வேலை முடிந்தது. பைக்கில் வருபவன் முதலில் நியூட்ரல் தேட வேண்டும். இடது காலை ஊன்றி, வலது காலால் பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு இரண்டு கையுறைகளையும் கழற்ற வேண்டும். கழற்றியதை எங்கே வைப்பது? டேங்க் மேல் வைத்தால் வழுக்கும், மடியில் வைத்தால் விழும். கார்டு ஜாக்கெட்டின் உள் பையில் இருக்கும், ஜாக்கெட்டுக்கு மேல் மழைக்கோட்டு. மலையடிவாரத்தில் மழை இல்லாத நாள் அபூர்வம். ஜன்னல் இடது பக்கம். அலுமினியப் பெட்டி இருப்பதால் சாவடித் திட்டை ஒட்டிப் போக முடியாது, உரசும். தள்ளி நிறுத்தினால் கை எட்டாது. உள்ளே இருப்பவர் பாதி உடம்பை வெளியே நீட்டி வாங்குவார். காது ஹெல்மெட்டுக்குள், காதில் அடைப்பான் வேறு. அவர் கேட்பது ஒன்றும் விழாது. ஒரு வழியா, போக வரவா என்றுதான் கேட்கிறார் என்று ஊகித்துத் தலையாட்ட வேண்டும்.

நிற்கும் இடத்தின் தரையையும் பார்க்க வேண்டும். காலம் காலமாகக் கார்கள் நின்று நின்று எண்ணெய் சொட்டிய இடம் அது. நடுவில் கருப்பாக ஒரு பட்டை ஓடும். மழையில் அதன்மேல் காலை ஊன்றினால் பூட்ஸ் வழுக்கும். 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை ஒற்றைக் காலில் தாங்கிக்கொண்டு, வாயில் ஒரு கையுறையைக் கடித்தபடி ரசீது வாங்கும் நேரத்தில்தான் பின்னால் நிற்கும் திறந்த கூரை கார் ஹாரன் அடிக்கும்.

இணையத்தில் முன்கூட்டியே சீட்டு வாங்கினால் போதுமே என்பார்கள். சில சாலைகளுக்கு வாங்கலாம், நானும் வாங்கிப் பார்த்தேன். பணப்பைக்குப் பதிலாக ஃபோனை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் முகத்தை அதற்கு அடையாளம் தெரியாது, ஈர விரலும் பிடிக்காது. ரகசிய எண் போட்டுத் திறந்தால், சீட்டு இருக்கும் மின்னஞ்சல் மலைக்குள் சிக்னல் இல்லாமல் சுற்றிக்கொண்டே நிற்கும். சரி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் இதே நாடு மோட்டார்வேயில் நம்பர் பிளேட்டைப் படித்து விக்னெட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறது, யாரும் நிற்க வேண்டியதில்லை. மலைக்கு மட்டும் எதற்கு இந்தச் சடங்கு?

ஒரு சாவடியில், எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை, கார்டு இயந்திரம் வேலை செய்யவில்லை. ரொக்கம் மட்டும் என்றார்கள். நல்ல மழை. மீதிச் சில்லறை என் கைக்கும் அவர் கைக்கும் நடுவில் தரையில் கொட்டியது. இறங்கிப் பொறுக்க ஸ்டாண்ட் போட வேண்டும், சரிவில் ஸ்டாண்ட் நிற்காது. விட்டுவிட்டுப் போனேன். அன்று முழுக்க எத்தனை அழகான வளைவு வந்தாலும் என் மனது அந்த நாணயங்களிடமே இருந்தது.

இத்தனைக்கும் பிறகு சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கேதான் என் கோபம் தோற்றுப்போகிறது.

குரோஸ்கிளாக்னர் சாலை 48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டி கல்லட்டி மலைப்பாதையிலும் 36 தான். கோவை நண்பருக்கு அந்தக் கணக்கில் சொன்னதும் உடனே புரிந்துவிட்டது. ஆனால் கல்லட்டியில் ஏறும்போது எதிரே என்ன வருமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுவோம். இங்கே அந்தப் பயமில்லை. ஃபிரான்ஸ் வாலாக் என்ற பொறியாளர் வகுத்த பாதை இது. 1930-இல் வேலை தொடங்கி 1935 ஆகஸ்டில் திறந்தார்கள். நாடே வேலையில்லாமல் திண்டாடிய காலத்தில் கட்டியது. அன்றிலிருந்தே இது டோல் ரோடு. ஊர்விட்டு ஊர் போக அவசரப்படுபவர்களுக்கு மேற்கே ஃபெல்பர்டவர்ன் சுரங்கப்பாதை 1967-இலேயே வந்துவிட்டது. அதனால் இங்கே ஏறுபவர்கள் எல்லோரும் ஏறுவதற்காகவே வந்தவர்கள். சரக்கு லாரியின் பின்னால் டீசல் புகையைக் குடித்துக்கொண்டு போகும் வேலை இல்லை.

தார் அவ்வளவு நேர்த்தி. வளைவுக்குள் சாய்த்தபடி நுழையும்போது கண்ணைத் தரையில் வைக்க வேண்டியதில்லை. ஜல்லி சிதறிக் கிடக்காது, குழி இருக்காது. வெயிலில் இளகி வழுக்கும் தார்க்கோடுகள் வேறு பல சாலைகளில் என்னைப் பயமுறுத்தியிருக்கின்றன, இங்கே அந்த உணர்வு வந்ததில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் எண்ணும் உயரமும் எழுதிய பலகை உண்டு. வளைவுகள் அகலம் என்பதால் எதிரே பேருந்து வந்தாலும் இடம் இருக்கும். உச்சியில் ஹோக்டோர் சுரங்கம், 2,504 மீட்டர். அதன் வடக்கு வாசலில் மழை என்றால் தெற்கு வாசலில் வெயில் அடிப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு உயரத்தில் ஒரு சாலையை மே மாதத்தில் திறப்பது சும்மா இல்லை. ஆரம்ப காலத்தில் 350 பேர் மண்வெட்டியால் 70 நாள் பனி வெட்டினார்களாம். அப்புறம் வாலாக்கே பனியைச் சுழற்றி வீசும் இயந்திரத்தை வடிவமைத்தார். 1953-இல் வந்த அந்த வண்டிகள்தான் வசந்தகாலத்தில் இன்னும் வேலை செய்கின்றன. மே, ஜூனில் போனால் இரண்டு பக்கமும் பைக்கைவிட உயரமான பனிச்சுவர் நிற்கும். நம் டோல் எங்கே போகிறது என்று அப்போது புரியும். நான்கு வழிச்சாலைக்குக் கட்டும் சுங்கம் இப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று உண்டு. சீட்டு அன்றைய நாள் முழுக்கச் செல்லும். கோடையில் காலை 6 மணிக்கு முன்பே கதவு திறந்துவிடும். வடக்கே ஃபெர்லைட்டன் சாவடியில் முதல் ஆளாக நுழைந்து, மேலே போய், தெற்கே ஹைலிகன்ப்ளூட் பக்கம் இறங்கி, காபி குடித்து, பேருந்துகள் வருவதற்குள் திரும்பி ஏறிவிடலாம். பகல் கூட்டத்தில் எங்காவது ஓரமாக உட்கார்ந்துவிட்டு, மாலையில் எல்லோரும் இறங்கிய பிறகு மறுபடியும் ஒரு முறை. இந்தக் கணக்கில் பார்த்தால் அந்த 30 சொச்சம் மலிவு. பிற்பகலில் ஒரு தடவை மட்டும் கடந்து போகிறவருக்கு நஷ்டம்.

எடல்வைஸ்ஷ்பிட்ஸே உச்சிக்கு, 2,571 மீட்டர், ஒரு கிளைச்சாலை ஏறும். கருங்கல் பாவிய சாலை, செங்குத்தான ஏற்றம், நெருக்கமான வளைவுகள். காய்ந்த நாளில் கட்டாயம் போகலாம். ஈரமாக இருந்தால் வாடகை பைக்கை அங்கே கொண்டுபோக வேண்டாம். தெற்குப் பக்கம் ஃபிரான்ஸ் யோசஃப் மேட்டில் பாஸ்டெர்ட்ஸே பனியாறு தெரியும். ஆஸ்திரியாவின் மிகப் பெரிய பனியாறு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கீழே, கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது. நின்று பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது, அதுவும் பெட்ரோல் வண்டியில் வந்து நிற்கும்போது.

டிம்மல்ஸ்யோக் வேறு ரகம். ஆஸ்திரியாவின் ஓட்ஸ் பள்ளத்தாக்கையும் இத்தாலியின் பாஸயர் பள்ளத்தாக்கையும் இணைக்கிறது. ஆஸ்திரியப் பக்கம் 1959-இல் திறந்தது, இத்தாலியப் பக்கம் முடிய 1968 ஆகிவிட்டது. ஓட்டினாலே அந்த வித்தியாசம் தெரியும். வடக்கே அகலமாக, நிதானமாக ஏறும். தெற்கே பாறையைக் குடைந்து ஒடுக்கமாக, ஈரமான சுரங்கங்களோடு இறங்கும். சாவடி ஆஸ்திரியப் பக்கம் ஹோக்கூர்கலில் மட்டும்தான். இத்தாலியிலிருந்து வந்தால் கணவாய் முழுவதையும் ஏறி முடித்த பிறகு காசு கேட்பார்கள். திரும்பிப் போகிறேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கெட்டிக்கார ஏற்பாடு. அந்தச் சாவடிக் கட்டடத்திலேயே ஒரு மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகமும் இருக்கிறது. 2021 ஜனவரியில் தீயில் எரிந்து, அதே ஆண்டு இறுதியில் மறுபடி திறந்தது. மழைக்கு ஒதுங்க நல்ல இடம். கணவாயை இரவில் மூடிவிடுவார்கள், நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. நோக்கால்மில் 52 வளைவுகள், உயரம் குறைவு, கூட்டமும் குறைவு, பசு நடுரோட்டில் நிற்கும். ஜெர்மனியில் பெர்ஷ்டெஸ்காடன் பக்கம் ரோஸ்ஃபெல்ட் சின்னச் சுற்று, கட்டணமும் சின்னது, மாலை நேரத்துக்குப் போதும். சில்வ்ரெட்டா அணைக்கட்டு வேலைக்காகப் போட்ட சாலை, 34 வளைவுகள், அடுத்தடுத்து வருவதால் கை வலிக்கும்.

வாடகை பைக் எடுப்பவருக்கு இன்னொன்று. ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில், ராய்ட்டே மாவட்டத்தில் லெக் பள்ளத்தாக்கு, ஹான்டென்யோக் போன்ற சில சாலைகளில் 2020 முதல் கோடையில் ஒரு தடை இருக்கிறது. வண்டி நிற்கும்போது எழும் சத்தம் 95 டெசிபலுக்கு மேல் என்று பதிவுச் சான்றில் இருந்தால் அந்த பைக் அங்கே ஓடக்கூடாது. டோல் கட்டினேனே என்ற வாதம் எடுபடாது. வண்டி எடுக்கும் இடத்திலேயே அந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

காசில்லாத கணவாய்களா? ஏராளம். ஸ்டெல்வியோ 2,757 மீட்டர், ஒரு பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசிகள், டோல் கிடையாது. சுவிஸில் ஃபூர்கா, கிரிம்சல், சூஸ்டன் மூன்றையும் ஒரே நாளில் இலவசமாகச் சுற்றலாம். மோட்டார்வேயைத் தொடாமல் போனால் அந்த ஊர் விக்னெட்கூட வேண்டாம். இத்தாலியில் டோலோமைட் கணவாய்கள் கேட்கவே வேண்டாம். ஸ்டெல்வியோவில் ஞாயிற்றுக்கிழமை பேருந்துக்கும் சைக்கிள்காரர்களுக்கும் நடுவில் முதல் கியரில் ஊர்ந்தால், டோல் ரோடு ஏன் தேவை என்பது பாதி புரியும். ஆனால் அங்கே யாரும் என்னைச் சரிவில் நிறுத்திக் கையுறையைக் கழற்றச் சொல்வதில்லை.

ஆகவே நண்பருக்கு: டோல் ரோடுகளுக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். இந்த முறை டோல் ரோடு எதற்கும் போகாதீர்கள். ஸ்டெல்வியோ, ஃபூர்கா, டோலோமைட் போதும், ஒரு வாரத்துக்கு அதுவே மிச்சம். சாவடிகளில் பைக்குக்கென்று உருப்படியான ஓர் ஏற்பாடு வரும்வரை என் மதிப்பெண் இதுதான், மாற்ற மாட்டேன். ஜூலை இரண்டாம் சனிக்கிழமை காலை நான் குரோஸ்கிளாக்னர் போகிறேன், மழை இல்லாவிட்டால். நீங்களும் வருவதாக இருந்தால் பின்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஃபெர்லைட்டனில் காசு கொடுக்க எனக்கு ஒரு ஆள் வேண்டும்.